படத்தில் விழுந்த ஊக்கு

மெஷின் லாரியில் வந்தது. ஞானதுரை பஸ்ஸில் வந்தார். ராஜபாளையத்தில் கிளம்பி ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கியது இரண்டுக்கும் ஒரே நாள்தான். 1995 ஐப்பசி, தூறல் விடாத காலை.

பதினாறு வருஷம் அந்த எக்ஸ்ரே மெஷினோடு குடும்பம் நடத்தியவர் ஞானதுரை. பழைய ஆஸ்பத்திரியை மூடியபோது அதை விலைக்கு வாங்கிய டாக்டர் முத்துராமலிங்கம், "இதோட முக்கல் முனகல் எல்லாம் உங்களுக்குத்தானே அண்ணாச்சி தெரியும்" என்று ஆளையும் சேர்த்தே கூப்பிட்டுக்கொண்டார். வர மனசில்லைதான். ஐம்பத்திரண்டு வயதில் வேறு எங்கே போவது? கொஞ்ச நாளாக எதிலும் ஒரு சலிப்பு. உடம்பும் வற்றிக்கொண்டு வந்தது. பெல்ட்டில் ஆணியடித்துப் புதிதாக ஒரு துளை போட்டிருந்தார்.

யாரோ வியாபாரி வாழ்ந்த பழைய வீடு அது. ஆஸ்பத்திரியாக்கி வெள்ளையடித்திருந்தார்கள். ஜன்னல் இல்லாத உள்ளறையை டார்க் ரூம் ஆக்கியிருந்தார்கள். பகல் பதினொரு மணிக்கும் உள்ளே அமாவாசை. மூலையில் ஒரு சிவப்பு பல்ப். தொட்டியில் படம் கழுவும் ஹைப்போ, அதன் புளித்த நெடி.

அதற்கு அடியில் இன்னொரு வாசனையும் இருந்தது.

நனைந்த திருநீறு.

முதல் வாரமே கூமாப்பட்டியிலிருந்து இருளம்மாள் வந்தாள். நாற்பது வயது, தோட்ட வேலை. சிறுநீரில் இரண்டு தடவை ரத்தம் போயிருக்கிறது. கூடவே புருஷன் சோலைச்சாமி.

"வலியே இல்லண்ணாச்சி. அதான் சும்மா இருந்துட்டேன். வாழைத்தண்டுச் சாறு குடிச்சேன், பொறவு நின்னு போச்சு."

"வலிச்சாலும் இவ சொல்ல மாட்டா" என்றான் சோலைச்சாமி. "அண்ணாச்சி, அப்படியே இவ மனசுக்குள்ள என்ன இருக்குன்னும் ஒரு படம் எடுத்துக் குடுத்துருங்க. இருபது வருசமா எனக்கு வெளங்கல."

"எடுத்தா உம்ம மூஞ்சிதான் விழும். பேசாம வெளிய இரும்."

ஞானதுரைக்குச் சிரிப்பு வந்தது. தாலிக்கொடியில் மாட்டியிருந்த மூன்று ஊக்கையும் கழற்றி அவள் புருஷன் கையில் கொடுத்தாள். ஆஸ்பத்திரி அங்கியை மாட்டிக்கொண்டு மேஜையில் படுத்தாள். கை நரம்பில் மருந்து ஏற்றினார்கள். அது சிறுநீரகத்தில் இறங்கும்போது படம் எடுக்க வேண்டும். படத்தில் பக்கம் காட்டும் ஈய எழுத்துகளை ஞானதுரை இடது, வலது பார்த்து இரண்டு பக்கமும் ஒட்டினார். தடவிப் பார்த்தார். மறுபடியும் தடவிப் பார்த்தார். ஏழு வருஷமாக அவருக்கு இந்தப் பழக்கம்.

படத்தோடு டார்க் ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டார்.

சிவப்பு வெளிச்சம். தொட்டியில் படம் மெல்ல அசைந்தது. எங்கோ சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். முதுகெலும்பு தெரிந்தது. விலா தெரிந்தது. இரண்டு பக்கமும் சிறுநீரகம் தெரிந்தது.

பிடரியில் ஒரு மூச்சு பட்டது.

"அண்ணாச்சி… எந்தப் பக்கம்?"

திரும்பினார். சுவர்தான் இருந்தது.

படத்தை விளக்கருகே தூக்கினார். இடது இடுப்பில், சிறுநீரகத்துக்கு நேராக, வெள்ளை வெளேரென்று ஒரு ஊக்கு.

டாக்டர் படத்தைப் பார்த்ததும் முகம் சுளித்தார். "என்ன அண்ணாச்சி, ஊக்கைக் கழட்டாமலா எடுக்கிறது?"

"எல்லாம் கழட்டிட்டேன் சாமி! மூணும் இவரு சட்டைப் பையிலதான் இருக்கு" என்று இருளம்மாள் பதறினாள். சோலைச்சாமி எடுத்துக் காட்டினான். மூன்றும் இருந்தன.

அங்கியை உதறிவிட்டு இன்னொரு படம் எடுத்தார்கள்.

ஊக்கு அதே இடத்தில் இருந்தது.

"மெஷின் கோளாறு" என்றார் டாக்டர். "போகட்டும். மருந்து ரெண்டு பக்கமும் நல்லா இறங்குது. கல்லு இருந்து விழுந்திருக்கும். இடது பக்கம் லேசா ஒரு நிழல், அது வயித்துக் காத்து. மாத்திரை எழுதுறேன், வீட்டுக்குப் போகட்டும்."

ஞானதுரை நகரவில்லை.

அந்த ஊக்கை அவருக்குத் தெரியும்.

1988. ராஜபாளையம். ஈய எழுத்துகள் தொலைந்துபோய் மாதக் கணக்காகியும் யாரும் வாங்கித் தரவில்லை. ஞானதுரை ஒரு வழி செய்தார். படுக்கிறவரின் அங்கியில் வலது பக்கம் ஒரு ஊக்கைக் குத்திவிடுவார். படத்தில் ஊக்கு விழுந்த பக்கம் வலது. அந்த ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டருக்கும் அது பழகிப்போயிற்று. வேலை முடிந்ததும் ஊக்கு டார்க் ரூம் காலண்டரில் போய்க் குத்திக்கொள்ளும்.

அந்தச் சமயத்தில் வந்தவன் சிவனாண்டி, மில் தொழிலாளி. வலியில்லாமல் ரத்தம். பெண்டாட்டி பாலம்மாள் குறி சொல்லும் கோடாங்கியிடம் போனாள். 'கோளாறு இடது பக்கம்' என்று கோடாங்கி சொல்லிவிட்டான். இருக்கன்குடி கோயில் திருநீற்றை மஞ்சள் துணியில் முடிந்து, புருஷனின் அரைஞாண் கயிற்றில் இடது பக்கமாக ஒரு ஊக்கால் குத்தி அனுப்பியிருந்தாள். அங்கிக்கு உள்ளே. அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

அன்றைக்கு மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை. வந்தபோது பதினொரு பேர் காத்திருந்தார்கள். சிவனாண்டி மேஜையில் படுத்துக்கொண்டு கேட்டான்: "அண்ணாச்சி, எந்தப் பக்கம்னு இதுல தெரிஞ்சுருமா?"

"தெரியாமலா? பேசாம மூச்சைப் பிடிங்க."

படத்தில் ஒரே ஒரு ஊக்கு. அதன் பக்கத்திலேயே கட்டி. கோடாங்கி சொன்னது நிஜம்தான், கட்டி இடதில். ஆனால் ஊக்கு என்றால் வலது. கல்லீரல் நிழல் எந்தப் பக்கம் என்று ஒரு தடவை பார்த்திருந்தாலே குட்டு வெளிப்பட்டிருக்கும். பார்க்கத் தெம்புள்ளவர் யாரும் அன்று அங்கே இல்லை.

சாயங்காலம் டார்க் ரூமைப் பூட்டப் போனபோது, தன் ஊக்கு காலண்டரிலேயே குத்தியிருப்பதை ஞானதுரை பார்த்தார்.

அப்படியானால் படத்தில் இருப்பது யாருடையது?

கால் வலித்தது. பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. 'டாக்டர் சோதிச்சுப் பாத்துத்தானே அறுப்பார்' என்று விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் சிவனாண்டியின் வலது சிறுநீரகத்தை எடுத்தார்கள். அது நல்ல சிறுநீரகம். அதைச் சொன்ன, மதுரையிலிருந்து வந்த பரிசோதனை முடிவு ஒரு மேஜை டிராயருக்குள் போயிற்று. ஐந்து மாதத்தில் சிவனாண்டியும் போனான். கடைசி வரைக்கும் பாலம்மாள் டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"டாக்டர், செத்த நேரம் கதவைச் சாத்துறேன்" என்றார் ஞானதுரை, முத்துராமலிங்கத்திடம்.

எல்லாவற்றையும் சொன்னார். டாக்டர் படத்தை மேஜையில் வைத்தார்.

"இதை ஏன் இப்பச் சொல்றீங்க?"

"அப்பச் சொல்லலை. அதனாலதான்."

"ஊக்கு காட்டுதுன்னு எழுதி மதுரைக்கு அனுப்பச் சொல்றீங்களா அண்ணாச்சி? அங்க படிக்கிறவன் சிரிப்பான்."

"ஊக்கை எழுத வேண்டாம் டாக்டர். வலியில்லாம ரத்தம் போச்சுன்னு எழுதுங்க. கல்லுன்னா ஆளை உருட்டிப் பொரட்டியிருக்கும். வலிக்காத ரத்தம்தான் மோசம். அதை எழுதுங்க, போதும். பொறவு என்னை வேலையை விட்டு நிறுத்துங்க. சரின்னுதான் சொல்வேன்."

டாக்டர் எழுதினார்.

மதுரையில் ஸ்கேன் எடுத்தார்கள். இடது சிறுநீரகத்தின் மேல் முனையில், சுண்டைக்காய் அளவில் கட்டி இருந்தது. இன்னும் வெளியே பரவவில்லை. எடுத்துவிட்டார்கள்.

தை மாதம் இருளம்மாள் நடந்தே உள்ளே வந்தாள். பின்னால் ஒரு சாக்குத் தேங்காயைச் சுமந்துகொண்டு சோலைச்சாமி. "ஒத்தைக் கிட்னியை வச்சிக்கிட்டே இம்புட்டுப் பேசுதா அண்ணாச்சி! ரெண்டையும் விட்டு வச்சிருந்தா என் கதி?"

ஞானதுரை சிரித்தார். டாக்டர் அவரை வேலையை விட்டு நிறுத்தவில்லை. அதன்பின் எடுத்த படங்களில் ஊக்கும் விழவில்லை. கணக்குத் தீர்ந்துவிட்டது என்றே அவர் நினைத்தார்.

மறுநாள் காலை கழிப்பறையில் குனிந்து பார்த்தார்.

சிவப்பு.

வலியே இல்லை.

டாக்டரிடம் அவரே போய்ச் சொன்னார். அவரே எழுத்துகளை ஒட்டினார். இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. மூன்று தடவை தடவிப் பார்த்தார். பதினாறு வருஷமாகப் பிறரைப் படுக்க வைத்த மேஜையில் படுத்தார். தகரம் முதுகில் சில்லென்றது. டாக்டர் பொத்தானை அழுத்தினார்.

"நான் கழுவித் தாரேன்" என்று டாக்டர் சொல்லியும் கேட்காமல், படத்தோடு அவரே டார்க் ரூமுக்குள் போனார். தாழ்ப்பாள் போட்டார். நனைந்த திருநீற்று வாசனை மூக்கை அடைத்தது. கண்ணை மூடிக்கொண்டு, அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தார்.

யாரும் கேட்கவில்லை.

ஹைப்போவிலிருந்து படத்தைத் தூக்கிக்கொண்டு, பார்க்கத் துணிவில்லாமல், சொட்டச் சொட்ட அப்படியே வெளியே கொண்டுவந்து நீட்டினார். டார்க் ரூம் கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

டாக்டர் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினார். கழற்றினார். திருப்பி மாட்டினார். மறுபடியும் திருப்பினார்.

எழுத்து ஒன்றுகூட விழவில்லை.

இடது இடுப்பில் ஒரு ஊக்கு. வலது இடுப்பில் ஒரு ஊக்கு.

டாக்டர் படத்தைக் காட்டிக் கேட்டார்.

"அண்ணாச்சி… எந்தப் பக்கம்?"

ஞானதுரை வாயைத் திறக்கவில்லை.

மூடிய டார்க் ரூமுக்குள்ளிருந்து ஒரு குரல், சலித்துப்போய், அவசர அவசரமாகப் பதில் சொன்னது. டாக்டருக்கும் அது கேட்டது. விலுக்கென்று திரும்பிப் பார்த்தார்.

அது ஞானதுரையின் குரல்.

"தெரியாமலா? பேசாம மூச்சைப் பிடிங்க."