பன்னிரண்டு புறாக்களும் ஒரு டீசல் இஞ்சினும்

ராமாமணி கிணற்றுச் சுவரில் மோவாயை ஊன்றிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். பொந்துகளில் ஒரு புறாகூட இல்லை.

நேற்றும் இல்லை. முந்தாநாளும் இல்லை.

போன வாரம் வரை பன்னிரண்டு புறாக்கள் இருந்தன. அவள்தான் தினமும் எண்ணுவாள். ஐந்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்து கோடை விடுமுறை விட்டிருந்ததால் எண்ணுவதற்கு நிறைய நேரம் இருந்தது.

"ஏனுங்க மாமா, புறாவெல்லாம் எங்கீங்க போச்சு?"

சீனிவாசலு மாமா டீசல் தொட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் அம்மாவின் தம்பி. பீளமேட்டில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தவர். அது 1958ஆம் ஆண்டு. கணபதி என்ற ஊருக்கு வடக்கே இருந்த அவர்கள் தோட்டத்துக்கு மின்கம்பம் வந்திருந்தது, கரண்டு வரவில்லை. அதனால் ராமாமணியின் அப்பா நரசிம்மலு டீசல் இஞ்சின் ஒன்றை வாங்கினார். இஞ்சினோடு மாமாவும் வந்து சேர்ந்துவிட்டார்.

"புறா என்ன, எங்கிட்டச் சொல்லீட்டா போகுது?" என்றார் மாமா. "இஞ்சின் சத்தத்துக்குப் பயந்து ஓடீருக்கும். அந்தத் திருகுமேல கை வெக்காத கண்ணு."

டீசல் விஷயத்தில் மாமா ரொம்பக் கறார். பீடியோடு யாராவது பக்கத்தில் வந்தால், பீடி அணைகிற வரைக்கும் கத்துவார். டீசல் பட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சோற்றுத் தட்டைத் தொட மாட்டார். எண்ணெய்த் துணிகளைக் குவித்து வைக்க விடமாட்டார். தீப்பிடித்தால் அணைப்பதற்கு இரண்டு வாளி மணல் வைத்திருந்தார். டீசல் தீயில் தண்ணீரை ஊற்றினால் தீ தண்ணீர்மேல் மிதந்து பரவுமாம். ஒருமுறை அந்த மணலைக் கொட்டி ராமாமணி வீடு கட்டி விளையாடினாள். மாமா மூன்று நாள் அவளோடு பேசவில்லை.

சித்திரை பிறந்ததும் கிணற்றில் தண்ணீர் கீழே இறங்கிவிட்டது. மேலே இருந்த இஞ்சினின் பம்பால் அவ்வளவு ஆழத்திலிருந்து தண்ணீரை உறிஞ்ச முடியவில்லை. மிளகாய்ச் செடிகள் வாடித் தலை தொங்கின. சுற்றுவட்டாரத்தில் பலர் செய்ததையே மாமாவும் செய்தார். கிணற்றுக்குள் பாதி ஆழத்தில் பாறையை வெட்டி ஒரு மேடை அமைத்தார். மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலை ஏற்றத்தின் உருளையில் கயிறு போட்டு இஞ்சினையும் பம்பையும் அந்த மேடையில் இறக்கினார்.

டின்னைத் தூக்கிக்கொண்டு படியில் இறங்கினால் டீசல் சிந்தும், படி வழுக்கும், கிணற்றுத் தண்ணீரும் கெட்டுப்போகும். அதனால் டீசல் தொட்டியை மட்டும் மேலேயே வைத்து, மெல்லிய செம்புக் குழாய் வழியாக இஞ்சினுக்கு டீசல் போகும்படி செய்தார். தொட்டியின் அடியில் ஒரு திருகு. அதை மூடினால் டீசல் நின்றுவிடும். சற்று நேரத்தில் இஞ்சினும் நின்றுவிடும். பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் வந்து பார்த்து, "பலே!" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

புகைக்குழாய்க்குத்தான் நீளம் போதவில்லை. மேடையிலிருந்து ஓர் ஆள் உயரத்தோடு அது நின்றுவிட்டது.

"பொகைக்கு யாராச்சும் வழி சொல்லிக் குடுக்கோணுமா? அதுவா மேல போயிரும்" என்றார் மாமா.

சத்தத்துக்குப் பயந்துதான் புறாக்கள் போயினவா? ராமாமணிக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. இஞ்சின் மேலே இருந்தபோதும் இதே 'டுக்கு டுக்கு டுக்கு' சத்தம்தானே? அப்போது ஏன் புறாக்கள் போகவில்லை?

அன்று சாயங்காலம் அவள் தேடிக் கிளம்பினாள். வேலி தாண்டி, சோளக்காடு தாண்டிப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போனாள். அங்கே ஓர் இஞ்சின் கொட்டாய் இருந்தது. இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கொட்டாயின் கூரைமேல் வரிசையாக உட்கார்ந்திருந்தன புறாக்கள். எண்ணினாள். சரியாகப் பன்னிரண்டு!

சத்தத்துக்குப் பயந்த புறா, சத்தத்தின் தலைமேல் போய் உட்காருமா?

மறுநாளிலிருந்து ராமாமணி கிணற்றையே கவனிக்கத் தொடங்கினாள். காற்று அடித்தபோது புகை வெளியே வந்து பறந்தது. காற்று இல்லாதபோது பாதி தூரம் ஏறி, அப்படியே பரவி, சோம்பேறியைப் போல மறுபடி உள்ளேயே படுத்துக்கொண்டது. அதுவாக மேலே போகவே இல்லை.

இன்னொன்றையும் கவனித்தாள். ராத்திரிச் சாப்பாட்டின்போது மாமா நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"தலைவலி மண்டையப் பொளக்குது அக்கா. வெயில்தான் காரணம்."

"ஞாயித்துக்கிழமை நாள் முழுக்க வெயில்லதான சுத்துனீங்க மாமா? அன்னிக்கு ஏனுங்க தலைவலி வரலை?" என்று கேட்டாள் ராமாமணி. "அன்னிக்கு நீங்க கிணத்துக்குள்ள எறங்கலைங்க. புறாவும் பொகையினாலதான் போயிருச்சுங்க."

அப்பா சிரித்தார். அம்மா மோர் ஊற்றியபடி, "இவளுக்குப் புறா வைத்தியம் தெரியுமாட்ட இருக்குது!" என்றார்.

"காத்துல கலைஞ்சு போற பொகை ஆளை என்ன கண்ணு பண்ணும்?" என்று சொல்லி மாமாவும் சிரித்தார். சிரித்ததும் தலை இன்னும் வலித்தது போலிருக்கிறது. மறுபடி நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

ராமாமணிக்குக் கோபம் கோபமாக வந்தது. மோரைக் குடிக்காமல் எழுந்து போய்விட்டாள்.

சனிக்கிழமை காலையில் இலைகூட அசையவில்லை. அப்பா சந்தைக்குப் போயிருந்தார். பம்பில் தண்ணீர் ஒழுகுகிறது என்று மாமா ஸ்பேனரோடு கிணற்றுக்குள் இறங்கினார். இஞ்சினை நிறுத்தினால் மறுபடி கிளப்புவது பெரும் பாடு. அதனால் ஓடவிட்டபடியே வேலையைத் தொடங்கினார்.

ராமாமணி சுவருக்கு இந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்த்தாள். புகை குளத்துப் பாசி போல மேடைக்கு மேல் படர்ந்து கிடந்தது.

"மாமா! மேல வந்துருங்க!"

"அஞ்சு நிமிசம் கண்ணு!" குரல் மட்டும் வந்தது.

அவள் மனதுக்குள் முந்நூறு எண்ணினாள்.

"மாமா! அஞ்சு நிமிசம் ஆயிருச்சுங்க!"

"என்ன... அஞ்சு?"

"மாமா, ஸ்பேனர் எந்தக் கையில வெச்சிருக்கீங்க?" என்று சோதித்துப் பார்த்தாள்.

ஸ்பேனர் தண்ணீரில் விழுந்த 'டொபுக்' சத்தம்தான் கேட்டது. புகை கொஞ்சம் விலகியபோது தெரிந்தது: மாமா மேடையின் ஓரத்தில், பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தலை முன்னால் தொங்கிக்கொண்டிருந்தது. கொஞ்சம் சரிந்தாலும் ஆழமான தண்ணீருக்குள் விழுந்துவிடுவார்.

ராமாமணி ஓடிப்போய் முதல் படியில் கால் வைத்தாள். கண் எரிந்தது. அப்போதுதான் புறாக்களின் நினைவு வந்தது. பன்னிரண்டில் ஒன்றுகூட உள்ளே இருக்கவில்லையே! நான் இறங்கினால் நானும் மாமா பக்கத்தில் மயங்கி விழுவேன். அப்புறம் யார் கூப்பிடுவது?

காலை எடுத்துவிட்டாள். தொட்டியை நோக்கி ஓடினாள். கை வைக்கவே கூடாது என்று மாமா சொல்லியிருந்த திருகை இரண்டு கையாலும் பிடித்து இறுக்கி மூடினாள்.

"மருதாசலண்ணா! ஓடி வாங்க!"

தோட்டத்தில் வேலை பார்க்கும் மருதாசலம் களத்தில் கவலை மாடுகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். செவலை, மயிலை என்ற அந்த இரண்டு மாடுகளும் இஞ்சின் வந்ததிலிருந்து வேலையில்லாமல் தின்று கொழுத்துக்கொண்டிருந்தன. ஓடி வந்த மருதாசலம் கிணற்றை எட்டிப் பார்த்ததும் தலைத்துண்டை உதறி இடுப்பில் கட்டினார். படியை நோக்கிப் பாய்ந்தார்.

ராமாமணி அவர் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"எறங்காதீங்க!"

"வுடுங்க அம்மணி! ஆளு உள்ள கெடக்குறாருங்க!"

"பொகை உங்களையும் தள்ளிப்போடும்! அப்புறம் ரெண்டு பேரை எப்படித் தூக்குறது? மாட்டைப் பூட்டுங்க! இஞ்சினை எறக்குன உருளை மேடைக்கு நேரா இருக்குதுங்களே, அதுல கயித்தை வுடுங்க!"

மருதாசலம் ஒரு கணம் திகைத்தார். அடுத்த கணம் களத்துக்கு ஓடினார். மாடுகளைப் பூட்டி, உருளையில் கவலைக் கயிற்றைப் போட்டு, நுனியில் அகலமான ஒரு வளையம் முடிந்தார். வளையம் கிணற்றுக்குள் இறங்கி மாமாவின் முன்னால் போய் ஆடியது.

மாமா அதைப் பார்க்கவே இல்லை.

அந்த நேரத்தில், 'டுக்கு... டுக்கு... டு...' என்று இஞ்சின் முனகி நின்றது. கிணறு திடீரென்று அமைதியானது.

மாமாவின் தலை மெதுவாக நிமிர்ந்தது.

"எவன்டா..." என்றார் குழறலாக. "எவன்டா இஞ்சினை நிறுத்துனது?"

ராமாமணிக்கு உயிர் வந்தது. உலகத்தில் எந்த மயக்கத்திலும் மாமாவுக்குக் கேட்கக்கூடியது ஒன்று உண்டென்றால், அது இஞ்சின் நிற்கிற சத்தம்தான்!

"நான்தாங்க மாமா நிறுத்துனேன்!" என்று கத்தினாள்.

"ஏன் தொட்ட? திருகைத் தொடாதேன்னு... சொன்னேனில்ல?"

"தொட்டுப்போட்டேன்! அப்படித்தான் தொடுவேன்! திட்டோணும்னா மேல வாங்க!"

"இரு... வாரேன்."

"சும்மா வர முடியாது! அந்தக் கயித்தைக் கக்கத்துல மாட்டீட்டு வாங்க!"

மாமாவுக்கு அவ்வளவு கோபம். தடுமாறிக்கொண்டே கயிற்றைப் பிடித்தார். ஒரு கை உள்ளே போயிற்று. இன்னொரு கை போகவில்லை.

"இன்னொரு கை, மாமா! ஒத்தைக் கையில வந்தா நான் ஓடிப் போயிருவேன்!"

இன்னொரு கையும் போயிற்று. வளையம் இரண்டு கக்கத்துக்கும் அடியில் நின்றது.

"ஓட்டுங்க அண்ணா!"

"ஹோய்! செவலை! நட, நட!"

மாடுகள் கழுத்தைத் தாழ்த்திக் கிணற்றை விட்டு விலகிப் போகும் சரிவில் இறங்கின. உருளை கிறீச்சிட்டது. இதுவரை தண்ணீரை மட்டுமே தூக்கிப் பழகிய அந்த மாடுகள், சீனிவாசலு மாமாவை மெல்ல மெல்லத் தூக்கி மேலே கொண்டுவந்தன. மருதாசலம் மாடுகளை நிறுத்திவிட்டு ஓடி வந்து அவரை எட்டிப் பிடித்து இழுத்து வேப்பமர நிழலில் படுக்கவைத்தார். சத்தம் கேட்டு வந்த அம்மா விசிறினார், அழுதார், மறுபடி விசிறினார்.

மாமா வாயைத் திறந்து மூச்சு வாங்கினார். முகத்தில் மெல்ல ரத்தம் வந்தது. ராமாமணியைத் தேடிக் கண்டுபிடித்து அவள் முகத்தையே பார்த்தார்.

"எதுக்கோ... உன்னையத் திட்டோணும்னு வந்தேன் கண்ணு. என்னன்னு மறந்துபோச்சு."

அதுவரை அழாமல் இருந்த ராமாமணி அப்போதுதான் ஓவென்று அழுதாள்.

கணபதியிலிருந்து வந்த டாக்டர் மாமாவைச் சோதித்துவிட்டு, "மூடின இடத்துல இஞ்சின் பொகை விசமுங்க. இன்னும் பத்து நிமிசம் உள்ள இருந்திருந்தா நான் வந்து பிரயோசனம் இருந்திருக்காது" என்றார். மருதாசலம் தலைத்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். தான் இறங்க இருந்ததை நினைத்துக்கொண்டாரோ என்னவோ.

சந்தையிலிருந்து திரும்பிய அப்பா எல்லாவற்றையும் கேட்டார். ராத்திரிச் சாப்பாட்டின்போது ராமாமணியின் டம்ளரில் தானே மோரை ஊற்றினார்.

"அந்தப் புறா சமாச்சாரத்தை மறுக்காச் சொல்லு அம்மணி. முதல்ல இருந்து சொல்லு" என்றார். அன்று யாரும் சிரிக்கவில்லை.

நாலு நாள் இஞ்சின் ஓடவில்லை. மருதாசலம் கவலை ஓட்டி மிளகாய்க்குத் தண்ணீர் பாய்ச்சினார். ஐந்தாம் நாள் கணபதிப் பட்டறையிலிருந்து நீளமான இரும்புக் குழாய்கள் வந்தன. வேலைக்கு இறங்குவதற்கு முன்னால் மருதாசலம் வேப்பங்கிளைகளைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் மேலும் கீழுமாக வெகுநேரம் ஆட்டிக் காற்றைக் கலக்கினார். மாமா இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டுதான் இறங்கினார். புகைக்குழாய் கிணற்றுச் சுவரைத் தாண்டி மேலே ஏறி, வேலிப் பக்கமாகத் திரும்பிப் புகையைத் துப்பியது. இனி இஞ்சின் ஓடும்போது யாரும் உள்ளே இறங்குவதில்லை என்றும் முடிவாயிற்று.

முதல் நாள் இரண்டு புறாக்கள் வந்தன. அடுத்த நாள் ஐந்து.

ஆனி மாதத்தில் ஒருநாள் காலை. மாமா இஞ்சினைத் துடைக்கத் துணியோடு படிக்கு வந்தார். முதல் படியில் கால் வைக்கப் போனவர் நின்றார். கிணற்றுச் சுவரில் மோவாயை ஊன்றிக்கொண்டிருந்த ராமாமணியைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி, எறங்கலாமுங்களா?"

"இருங்க, எண்ணீட்டுச் சொல்றேன்."

மாமா துணியைத் தோளில் போட்டுக்கொண்டு பொறுமையாக நின்றார். அவள் ஒவ்வொரு பொந்தாக விரல் நீட்டி எண்ணினாள். கடைசிப் பொந்தில் விரல் நின்றுவிட்டது. அங்கே இரண்டு சின்ன அலகுகள் திறந்து திறந்து மூடின.

"பன்னெண்டு இல்லீங்க மாமா," என்றாள் ராமாமணி. "பதினாலு. எறங்குங்க!"