ஆறாவது கொக்கி

முதல் கிட்டாரை விற்ற மறுநாள் காலை, சுவர்க் கொக்கிகளில் தொங்கிய மீதி ஐந்தும் அரைச் சுரம் ஏறியிருந்தன.

ரங்கெல் காதை நம்பாமல், சுருதி காட்டுகிற டியூனரை வைத்துப் பார்த்தார். அதுவும் அதையேதான் சொன்னது. கம்பி இறங்குவது வழக்கம். மனுஷனைப் போல அதுவும் நாள்பட நாள்படத் தளர்ந்துதான் போகும். தானாக ஏறாது. போதாததற்கு, எல்லாமே கழுத்தில் திருகு போட்டுப் பூட்டுகிற ரகம். ஆலன் கீ என்கிற குட்டித் திருகுசாவி இல்லாமல் யாரும் முறுக்க முடியாது. ஆலன் கீ அவர் சட்டைப் பையில் இருந்தது. குளிருக்காகக் கட்டடத்துக் குழாய்களில் சூடு விட்டு இரண்டு நாள்தான் ஆகிறது, மரம் காய்ந்திருக்கும் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு காபி போடப் போனார்.

முப்பத்தைந்து வருஷத்தில் சேர்ந்தவை அந்த ஆறும். வெள்ளை, எண்பத்தெட்டில் தன்யூப் ஆற்றுச் சரக்குப் படகுக்காரன் ஒருவன் கம்பளியில் சுருட்டிக் கொண்டுவந்து கொடுத்தது. கறுப்பு, மனைவி பென்கா இறப்பதற்கு முந்தைய வருஷம் வாங்கியது. "ஆறு சக்களத்தி, ஒருத்திக்குக்கூட சமைக்கத் தெரியாது" என்பாள் அவள்.

பாடாய்ப் படுத்துகிற சக்களத்திகள். கம்பிகளைத் தாங்குகிற பிரிட்ஜ் உடம்போடு ஒட்டாமல் இரண்டு முனையில் மிதக்கும். முன்னாலிருந்து ஆறு கம்பிகள் இழுக்க, முதுகுக் குழிக்குள்ளிருந்து ஸ்பிரிங்குகள் இழுக்க, இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறவரைதான் அது நிற்கும். ஒரு கம்பியைச் சரிசெய்தால் மற்ற ஐந்தும் கெடும். ஒன்று அறுந்தாலோ ஸ்பிரிங்குகளின் கை ஓங்கி, மீதி எல்லாம் விறைத்துச் சுருதி ஏறிவிடும். ரூசே நகரத்துக் கல்யாண மண்டபங்களில் எத்தனையோ முறை அப்படி அறுந்து, ஆடிக்கொண்டிருந்தவர்கள் திரும்பி முறைக்க, வேர்த்து வழிந்து நின்றிருக்கிறார். அறுபத்தொரு வயதில் விரல் முட்டிகளெல்லாம் வலி. போதும் போதும் என்றாகிவிட்டது.

மகள் தெனிட்சா புருஷனை விட்டுவிட்டு, நாலு மாதக் குழந்தையோடு வர்னாவிலிருந்து வருகிறாள். அவளுக்குக் கொடுக்க இருப்பது கிட்டார்கள் தொங்குகிற இந்த ஒரு சின்ன அறைதான். அவள் இங்கேயாவது நிம்மதியாகத் தூங்க வேண்டும். அதற்காகத்தான் விற்கத் துணிந்தார்.

வாங்குகிறவர் ஒக்னியான், கீழ்த் தெருப் பல் டாக்டர். "ஆறையும் ஒரேயடியா தூக்கிட்டுப் போனா என் பொண்டாட்டி என்னையும் சேத்து வெளிய தள்ளிடுவா, அண்ணே. வாரம் ஒண்ணா குடுங்க."

இரண்டாவது போனது. மீதி நாலும் ஏறின. மூன்றாவதை எடுக்க வந்தபோது ஒக்னியான் சிரித்தார். "உங்க வீட்ல இதுங்க ஏன் இப்படி விறைச்சுக்கிட்டு நிக்குதுங்க? என்கிட்ட வந்ததும் சாதுவா இறங்கிடுதுங்களே."

ரங்கெலுக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று மத்தியானம் அவர் கிட்டார்கள் தொங்குகிற சுவரில் காதை வைத்தார். கட்டடத்தின் கடைசிச் சுவர் அது. அந்தப் பக்கம் வீடு இல்லை, ஏழு மாடி உயரத்துக்கு வெறும் காற்றும் ஆற்றிலிருந்து எழுகிற மூடுபனியும்தான். சில்லிட்ட சுண்ணாம்பு வாசனையும், அதற்கு அடியில் பழைய ஸ்பிரிங்கின் துரு வாசனையும் வந்தன. காலால் தரையைத் தட்டினார். கம்பிகளைக் கையால் அமுக்கிய பிறகும் கிட்டாரின் முதுகுக்குள் மிச்சமிருக்கிற அந்த மெல்லிய ரீங்காரம், சுவருக்குள் எங்கோ ஆழத்தில் எழுந்து, வெகுநேரம் அடங்காமல் இருந்தது. அவருக்குப் பயமாக இருந்தது. யாரிடம் போய்ச் சொல்வது?

தெனிட்சா வந்து சேர்ந்தாள். குழந்தை யாவோர் வீறிட்டு அழுதபோது ரங்கெல் விளையாட்டாக டியூனரை நீட்டினார். சுருதி சரி என்று பச்சை விளக்கு எரிந்தது.

"இவனுக்குச் சுருதி சேர்க்கவே வேண்டாம்டி. ஏ சுரத்துல அப்படியே நிக்கறான்."

"அழற பிள்ளையத் தூக்காம அளந்துட்டு இருக்கீங்களே, நல்ல தாத்தா."

ஐந்தாவது கிட்டார் போன மறுநாள் குழந்தை அழுதது. பச்சை விளக்கு எரியவில்லை. அரைச் சுரம் மேலே. பால் புட்டி மேஜையிலிருந்து விழுந்து உருண்டு, சுவரோரம் போய் ஒட்டிக்கொண்டது. எடுக்கப்போனவருக்கு அதைச் சற்று இழுத்துத்தான் பிரிக்க முடிந்தது.

கறுப்பை விற்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஸ்பிரிங்கைப் போல இழுக்கிற அந்தச் சுவருக்கு ஈடு கொடுக்க மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

"அப்பா, அது தொங்கற எடத்துலதான் தொட்டில் போடணும். சூடு குடுக்கற ரேடியேட்டர் பக்கத்துல வேற எடமே இல்ல."

"என் அறையில போடு. நான் சமையல்கட்டுல படுத்துக்கறேன்."

"முதுகுவலியோடயா? அம்மா சொன்னது சரிதான். எங்களவிட அதுங்கதான் உங்களுக்கு ஒசத்தி."

சுவர் இழுக்கிறது என்றால் எந்த மகள் நம்புவாள்? மூன்று வாரமாகச் சரியாகத் தூங்கியிருக்கவில்லை. சோர்வு எலும்பு வரை இறங்கியிருந்தது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை, மருந்துக்கடை வரிசையில் நின்றபோது போன் வந்தது.

"அப்பா, கோவிச்சுக்காதீங்க. ஒக்னியான் வந்தாரு, கறுப்பக் குடுத்துட்டேன். உங்க கையால குடுக்க உங்களுக்கு மனசு வராதுன்னு தெரியும். தொட்டிலையும் அந்த எடத்துக்கு நகத்திட்டேன்."

நல்ல மனசோடுதான் சொன்னாள். ஆனால் குரல் மெலிந்து, உயர்ந்து, பத்து வயதுச் சிறுமியின் குரலாக இருந்தது.

மருந்துச் சீட்டை அங்கேயே போட்டுவிட்டு ஓடினார். மூடுபனியில் வண்டிகள் விளக்கு போட்டுக்கொண்டு ஊர்ந்தன. லிஃப்ட் ஓடவில்லை. மூன்றாவது மாடியில் அழுகை கேட்டது. ஐந்தாவதில் அது இரண்டு சுரம் ஏறியிருந்தது. மூச்சு முட்டியது. ஏழு.

கதவு திறந்திருந்தது.

தொட்டில் இரண்டு காலில் நின்றது. மற்ற இரண்டும் தரையில் இல்லை. சுவரை நோக்கிச் சாய்ந்து, விழாமல் மிதந்தது.

தெனிட்சா யாவோரை நெஞ்சோடு அணைத்து, குதிகாலை ஊன்றி, பின்னால் சாய்ந்து நின்றாள். அவள் நீள முடி முதுகில் இல்லை. முகத்துக்கு முன்னால், வெறும் கொக்கிகள் ஆறையும் நோக்கி, விறைத்து நீண்டிருந்தது. குழந்தையின் பூ முடியும் அப்படியே.

"அப்பா, பிடிங்க. என்னால முடியல."

ரங்கெல் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு இழுத்தார். வலிக்கிற விரல்களால். மொத்த உடம்பால். அழுகை ஏறியது. இன்னும் ஏறியது. காது தாங்காத உயரம்.

நின்றது.

சுவருக்குள் ரீங்காரம் மட்டும்.

தெனிட்சா குனிந்து, கம்பி அறுந்தது போல மூச்சு நின்றிருந்த குழந்தையின் முகத்தைப் பார்த்தாள். பிறகு கத்தினாள். அந்தக் கத்தலும், மகளே என்று அவர் கூப்பிட்ட குரலும், அரைச் சுரம் ஏறியிருந்தன.