உட்கார் பாட்டு

மேடையைப் பார்த்து நின்ற அத்தனை பேருக்கும் நடுவில் ஒருவர் மட்டும் மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நாற்பது வயதிருக்கும். சாம்பல் நிறச் சட்டை. கைகள் இரண்டும் பக்கவாட்டில் தொங்க, கூட்டத்தின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும், தன் அக்காவோடு நின்ற அவளுக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு தலைகள் இருந்தன.

"யாரையோ தொலைச்சிட்டாரு போல," என்றாள் அக்கா. "பாவம், போன் பண்ணாலும் இந்தச் சத்தத்துல கேக்காது."

"இன்னும் சத்தமே ஆரம்பிக்கலக்கா."

"அப்ப இது என்னடி?"

பதிவு செய்த பாட்டுதான் ஓடிக்கொண்டிருந்தது. அக்காவுக்கு அதுவே மிக்ஸியில் கல்லைப் போட்டு அரைக்கிற மாதிரி இருந்ததாம். தங்கை சிரித்துவிட்டாள். மூக்குக் கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்தின் கீச்சொலியோடு கிடப்பவள் அவள். சாயங்காலம் ஆனால் காதில் இன்று மேடையேறும் இந்த இசைக்குழுவின் பாட்டு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தூக்கம் வராது. பதினோரு வருடப் பைத்தியம். நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. உடன் வருவதாக இருந்த கடைத் தோழிக்குக் காய்ச்சல் வந்துவிட, கெஞ்சிக் கூத்தாடி அக்காவை இழுத்து வந்திருந்தாள். அக்காவுக்கு மூன்று வாரம் முன்பு மாடிப்படியில் சறுக்கி முழங்காலில் தசைநார் பிசகியிருந்தது. நிற்கலாம், நடக்கலாம், மடக்கக் கூடாது என்று பட்டை போட்டு அனுப்பியிருந்தார் டாக்டர். அக்காவின் கைக்குழந்தையை, பாப்பாவை, வீட்டில் அத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒன்பதரைக்குப் பாலுக்கு அழுவா. அதுக்குள்ள நான் வீட்ல இருக்கணும். சொல்லிட்டேன்."

"நான் பொறுப்புக்கா. உன்னைப் பத்திரமா கொண்டுபோய் விடுறது என் வேலை."

அந்தக் கூடம் ஒரு காலத்தில் சரக்குக் கிடங்காக இருந்ததாம். உயரமான தகரக் கூரை, தரையில் இன்னும் அழியாத மஞ்சள் கோடுகள், நாற்காலி ஒன்றுகூடக் கிடையாது. வியர்வையும் வாசனைத் திரவியமும் மேடைப் புகையும் கலந்து ஒரு நெடி. அதற்கும் அடியில், வெயில் காணாமல் மடித்துவைத்த ஈரத் துணியின் வாடை எங்கிருந்தோ வந்துகொண்டிருந்தது. யாருடைய சட்டையோ என்று நினைத்துக்கொண்டாள்.

விளக்குகள் அணைந்தன. கிட்டாரின் முதல் இழுப்பு தகரத்தில் மோதித் திரும்பி வந்து விலா எலும்பைத் தட்டியது. அதற்கப்புறம் ஒரு மணி நேரம் அவள் அவளாக இல்லை. தொண்டை கிழியப் பாடினாள், அழுதாள், அக்காவின் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். அக்காவும் ஒற்றைக் காலில் தாளம் போடத் தொடங்கியிருந்தாள். அதைப் பார்த்தபோது அவளுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

பிறகு அந்தப் பாட்டு வந்தது. ரசிகர்கள் அதற்கு வைத்த பெயர் உட்கார் பாட்டு. பாதியில் எல்லா வாத்தியமும் சட்டென்று நின்றுவிடும், விளக்குகள் அணைந்துவிடும், கூடத்தில் இருக்கும் அத்தனை பேரும் தரையில் உட்கார்ந்து முழங்கால்களுக்கு நடுவே தலையைக் கவிழ்த்துக்கொள்ள வேண்டும். பேசக் கூடாது, நிமிர்ந்து பார்க்கக் கூடாது. டிரம் ஒரே ஒரு அடி விழும்போது எல்லோரும் துள்ளி எழ வேண்டும். யார் ஆரம்பித்தது, எதற்கு என்று யாருக்கும் தெரியாது. ஆனால் மீற மாட்டார்கள். ரசிகர் குழுவில் ஒருவர், முதுகுவலி, அதனால் உட்காரவில்லை என்று எழுதியபோது, வலித்தால் வீட்டில் கிடக்க வேண்டியதுதானே என்று பதில் போட்டவளே இவள்தான். அறுநூறு பேர் அதற்கு லைக் போட்டிருந்தார்கள்.

வாத்தியங்கள் நின்றன. இருட்டு. ஆயிரக்கணக்கான உடைகள் ஒரே நேரத்தில் சரசரத்தன.

"உக்காருக்கா," என்றாள் கிசுகிசுப்பாக.

"முட்டி மடங்காதுடி. நீ உக்காரு. நான் இப்படியே நிக்கிறேன்."

அவளும் நின்றிருக்கலாம். அக்காவின் கை அவள் கைக்குள்தான் இருந்தது. ஆனால் பதினோரு வருடம் காத்திருந்து வந்துவிட்டு, எல்லோரும் உட்காரும்போது தான் மட்டும் நிற்பதா? கையை விட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

அமைதி. இத்தனை பேர் இருக்கும் இடத்தில் ஒரு இருமல்கூட இல்லை. தலைக்கு மேலே தகரம் சூடு ஆறி டக், டக் என்று முறிந்தது. பழைய கச்சேரிப் பதிவுகளில் இந்த அமைதி ஒரு நிமிடத்தைத் தாண்டியதில்லை. இப்போது தாண்டிவிட்டது. ஈரத் துணி வாடை கிட்டத்தில் வந்தது. அக்காவுக்குக் கால் வலிக்குமே என்ற நினைப்பில், முதன்முறையாக விதியை மீறி, நிமிர்ந்தாள்.

வெளியேறும் வாசல்களின் மேல் எரிந்த சின்னச் சிவப்பு விளக்குகளின் வெளிச்சத்தில், குனிந்த முதுகுகள் கூடம் முழுக்கப் பரவிக் கிடந்தன. நடு நடுவே சிலர் நின்றார்கள். ஏழு பேரோ எட்டுப் பேரோ. எல்லோரும் மேடைக்கு முதுகைக் காட்டி, கைகளைத் தொங்கவிட்டு நின்றார்கள். அந்தச் சாம்பல் சட்டைக்காரர் இப்போது தூரத்தில் இல்லை. அக்காவுக்கு நேர் எதிரே, மூக்கோடு மூக்கு உரசும் அளவுக்கு நெருங்கி நின்றார். அத்தனை பேர் உட்கார்ந்திருந்த தரையில் அவர் எப்படி நடந்து வந்தார்? அக்கா நகரவில்லை. மூச்சு விடுகிறாளா என்றுகூடத் தெரியவில்லை.

கத்தலாமா? யாரும் பேசக் கூடாது. வாய்வரை வந்த சத்தத்தை அவள் விழுங்கினாள். அந்த நேரத்திலும் விழுங்கினாள்.

டிரம் விழுந்தது. கூடம் வெடித்து எழுந்தது, விளக்குகள் பாய்ந்தன, யாரோ அவள் காலை மிதித்தார்கள். அக்கா அதே இடத்தில்தான் இருந்தாள். சாம்பல் சட்டையைக் காணோம். அப்பாடா என்று அக்காவின் கையைப் பற்றினாள். பிழிந்து போட்ட துண்டு மாதிரி அது துவண்டு வந்தது. அக்கா மேடைக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தாள்.

"அக்கா, அந்த ஆளு ஏதாவது பண்ணானா? அக்கா! இங்க பாரு."

அக்கா பார்க்கவில்லை. பின்வரிசைகளையே பார்த்துக்கொண்டு, யாரோ சொல்லிக்கொடுத்ததை ஒப்பிப்பது போலச் சொன்னாள்:

"இன்னொரு தடவை உட்கார வைப்பாங்க."

பதினோரு வருடத்தில் ஒரே கச்சேரியில் இரண்டு தடவை உட்கார்ந்ததே இல்லை. இன்னொரு தடவை என்று அக்காவுக்கு எப்படித் தெரியும், அந்தக் குழுவின் ஒரு பாட்டுக்கூட முழுசாகத் தெரியாதவளுக்கு? வா, போகலாம் என்று இழுத்தாள். முன்னும் பின்னும் துள்ளும் உடம்புகள். வழி கேட்டாள், முழங்கையால் இடித்தாள், கெஞ்சினாள். நான்கு அடி நகர்ந்திருப்பார்கள்.

வாத்தியங்கள் நின்றன.

இருட்டு. சரசரப்பு. எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள்.

அவளுடைய முழங்கால்களும் பழக்கத்தில் மடங்கப் பார்த்தன. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். இந்தத் தடவை கையை விடவில்லை. குனிந்த முதுகுகளுக்கு நடுவே வாசலை நோக்கி இழுத்தாள். யாருடைய விரல்களையோ மிதித்தாள், எலும்பு நெறிபட்டது. யாரும் முனகவில்லை. அக்கா பின்னால் வந்தாள். நொண்டவில்லை. பட்டை போட்ட முழங்கால் நன்றாகவே மடங்கி மடங்கி வந்தது.

வாசலருகே திரும்பி மேடையைப் பார்த்தாள். பாடகர் உட்கார்ந்திருந்தார். தலை கவிழ்ந்திருந்தது. கிட்டார்க்காரர்கள். அவர்களும். டிரம்காரர் தன் வாத்தியத்துக்கு முன்னால் தரையில். குச்சிகள் பக்கத்தில் கிடந்தன.

இனி யார் அடிப்பார்கள்?

நின்றுகொண்டிருந்தவர்கள் இப்போது ஏழெட்டுப் பேர் இல்லை. அவள் எண்ணவில்லை. எல்லோர் முகமும் அவள் பக்கம்.

ஓடினாள். வாசல் காவலர்கள் இரண்டு பேர். சுவரோரம். உட்கார்ந்து. குனிந்து.

வெளியே காற்று இருந்தது. தெரு விளக்குகள் எரிந்தன. வண்டிகள் இயந்திரம் ஓடியபடியே நின்றன, கதவுகள் திறந்து கிடந்தன. ஓட்டி வந்தவர்கள் சாலையில் உட்கார்ந்திருந்தார்கள். நடைபாதையிலும். எதிர்க் கட்டடத்து மாடியில், வெளிச்சமான ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு குனிந்த முதுகு. சத்தம் என்று இயந்திரங்களின் உறுமல் மட்டும்தான்.

நான் பொறுப்பு என்று சொன்னோமே. அந்த நினைப்பு ஒன்றுதான் மிச்சம் இருந்தது. ஒரு கையில் அக்கா. மறு கையில் போன். அத்தானுக்கு வீடியோ அழைப்பு. இரண்டு தடவை விரல் தப்பியது. மணி போனது.

எடுத்தார்கள்.

"அத்தான்! அத்தான், அக்காவைக் கூட்டிட்டு வந்துட்டு இருக்கேன். அக்காவுக்கு என்னமோ ஆயிடுச்சு, அத்தான்..."

வழக்கமாக அவர் போனைச் சாய்த்து வைக்கும் அலமாரித் தட்டிலிருந்து அந்த அறை முழுசாகத் தெரிந்தது. பாப்பாவின் தொட்டில். காலியாக. பக்கத்தில் தரையில் அத்தான். முழங்கால்களுக்கு நடுவே தலை.

அக்கா முதன்முறையாகத் திரும்பினாள். திரையருகே முகத்தைக் கொண்டுவந்தாள். ஈரத் துணி வாடை.

தங்கையின் முழங்கால்கள் மடங்கின. வேண்டாம் வேண்டாம் என்றாள். மடங்கின. தார்ச் சாலை தொடையில் சுட்டது. தலை கவிழத் தொடங்கியது. கண்களை மட்டும் விடாமல் திரையில் வைத்திருந்தாள்.

அறையின் நடுவே பாப்பா. பத்து மாதக் குழந்தை, போன வியாழக்கிழமைதான் தவழத் தொடங்கியது. எதையும் பிடிக்காமல் நேராக நின்றது. கைகள் இரண்டும் தொங்கின.

அவளையே பார்த்தபடி, குழந்தை தன் முதல் அடியை எடுத்து வைத்தது.