ஏழாவது தண்ணீர்

நாற்பத்தோரு வருஷம் தகர டப்பாவில் கிடந்த துணி ஈரமாக இருந்தது.

முனீர் அகமது டப்பாவை மூடிவிட்டுக் கையை மோந்து பார்த்தான். பார்த்திருக்க வேண்டாம். ஓசூர் வார்ப்படக் கம்பெனியில் எண்ணெய்ப் புகையிலும் கருகிய மணலிலும் எட்டு வருஷம் ஊறிய மூக்கு அது, எதற்கும் லேசில் சுளிக்காது. இந்த நாற்றமோ பல்லி செத்த அலமாரியைத் திறந்தது போல முதலில் மெல்ல வந்து, பிறகு இனிப்பாக மாறி, அடித்தொண்டையில் போய் உட்கார்ந்துகொண்டு எச்சிலோடு இறங்க மறுத்தது. அவன் மனைவி சபீஹா காலையிலேயே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, காவேரிப்பட்டினத்துத் தாய்வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டாள்.

எல்லாம் அவனைப் பெற்ற அத்தா கரீமுக்காக. அவருக்கு மூச்சுக் கோளாறு முற்றிவிட்டது, இன்னும் சில நாள்தான் என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். நாற்பத்துநாலில், சண்டைக் காலத்தில், பட்டாளத்து ஆஸ்பத்திரியில் செத்துப்போன தன் அத்தாவைக் குளிப்பாட்டி அடக்கினார்களா இல்லையா என்பதுதான் நோயில் விழுந்த நாளிலிருந்து கரீமுக்கு இருந்த ஒரே கவலை. "மேல போயி அவரு மூஞ்சில எப்பிடிடா முழிப்பேன்" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அந்தக் கேள்வியைக் கேட்கச் சகிக்காமல்தான் முனீர் தாலுகா ஆபீஸ், பென்ஷன் ஆபீஸ் என்று ஆறு மாதம் நாயாய் அலைந்தான். கடைசியில் பாகலூரில் கோவிந்தப்பன் என்ற கிழவர் அகப்பட்டார். அந்த ஆஸ்பத்திரியில் வார்டு கூட்டியவர்.

ஆஸ்பத்திரிக் கொட்டகைகள் இருந்த இடத்தில் இப்போது ஏதோ கம்பெனியின் குடோன். பிணக்குழிகள் அதன் சிமெண்டுத் தரைக்கு அடியில். கிழவர் எதையும் மறைக்கவில்லை. உன் தாத்தா கால் அழுகிச் செத்தவர், நாற்றத்தில் ஒருத்தரும் கிட்டப் போகவில்லை, குளிப்பாட்டாமலே குழியில் இறக்கினோம், இறக்கும்போது காலில் சுற்றியிருந்த கட்டு கழன்று என் கையோடு வந்துவிட்டது என்றார். பிறகு அந்தக் கட்டைப் போட்டு வைத்திருந்த டப்பாவைக் கொண்டுவந்து அவன் மடியில் வைத்தார்.

"மூணு வாட்டி பொதச்சிப் பாத்தன் பாய். மழ பேஞ்சா மேல வந்துருது. நீ எடுத்துக்கினு போயிரு."

பள்ளிவாசல் ஹஜ்ரத், குளிப்பாட்டு உடம்புக்குத்தான், துணிக்குக் கிடையாது, துஆ செய்து மண்ணில் போட்டுவிடுங்கள் என்றார். கரீம் கேட்டால்தானே. சாகக் கிடக்கிறவரின் பிடிவாதத்துக்கு முன்னால் சட்டம் எந்த மூலைக்கு? நீ தேய், நான் தண்ணீர் ஊற்றுகிறேன் என்று சொல்லிவிட்டார். பிணத்தைக் கழுவும் மையித்துக் குளிப்பாட்டு அப்படித்தான். ஒருவர் ஊற்ற வேண்டும், ஒருவர் தேய்க்க வேண்டும். மூன்று தடவை. அழுக்குப் போகாவிட்டால் ஐந்து, அதற்கும் போகாவிட்டால் ஏழு. ஒற்றைப்படையில்தான் முடிக்க வேண்டும்.

சாயங்கால அஸர் தொழுகை முடிந்து, மழை இருட்டிக்கொண்டு வந்த நேரத்தில், முனீர் குளியலறையில் பலகை போட்டு அந்தக் கட்டுத் துணியை அதன்மேல் கிடத்தி, இலந்தை இலை காய்ச்சிய வெந்நீர் வாளியை முதுகுப் பக்கம் ஸ்டூலுக்கு அருகில் வைத்துவிட்டு, இடது கையில் துணி சுற்றிக்கொண்டு சுவரைப் பார்த்துக் குந்தினான். அத்தாவைக் கூப்பிட்டான். கால் இழுபடும் சத்தம் வந்தது. பின்னால் ஸ்டூல் நகர்ந்தது. நாற்றத்துக்கு மூக்கைத் தோளில் புதைத்திருந்தவன் திரும்பிப் பார்க்கவில்லை.

முதல் தண்ணீர் விழுந்தது. கட்டு விறைப்பு விட்டு நெகிழ்ந்து, டீத்தூள் கசடு போலப் பழுப்பாக இறங்கியது. இரண்டாவதில் மஞ்சளாக ஏதோ விரலிடுக்கில் வழுக்கிச் சூடாக ஓடியது. மூன்றாவதில் புழு. செத்த புழுதான் என்று தன்னையே தேற்றிக்கொண்டான். அது நெளிந்தது.

ஒரு முழத் துணியில் இவ்வளவு இருக்க முடியாது.

"போதும் அத்தா," என்றான்.

தண்ணீர்தான் விழுந்தது. நான்கு. நான்கில் நிறுத்தக் கூடாது. மறுபடி தேய்த்தான். ஐந்தாவதில் துணியோடு ஒரு நகம் வந்தது. கால் பெருவிரல் நகம். அடியில் சதை ஒட்டியிருந்தது. அப்போதே விட்டிருக்கலாம். அழுக்குப் போகவில்லையே.

ஆறாவது விழுந்தது.

உள்ளறையில் யாரோ இருமினார்கள்.

"முனீரு... தண்ணி காஞ்சிருச்சா? எந்திரிக்க முடியல. வந்து கையப் புடிடா."

அத்தாவின் குரல்.

முனீரின் கை நின்றது. பின்னால், வாளியில் செம்பு மொண்டது.

தலையைத் திருப்பவில்லை. குனிந்து, அக்குள் வழியாகப் பின்பக்கத் தரையை மட்டும் பார்த்தான். ஸ்டூலுக்குக் கீழே இரண்டு கால்கள். ஒன்றில் சிமெண்டு அப்பிக் காய்ந்திருந்தது. மற்றதில் கணுக்கால் வரைக்கும் கட்டுச் சுற்றிய தடம். பட்டை பட்டையாக. பெருவிரலில் நகம் இல்லை. பாதி எலும்பு, கழுவி வைத்தது போல வெள்ளை. மீதியில் கறுத்த சதை நுரைத்துக்கொண்டிருந்தது.

அந்தக் கால் மெல்ல எழுந்தது. அவனைச் சுற்றி வந்து, பலகைமேல், அவன் கைக்கு நேராக அமர்ந்தது.

"முனீரு," என்றார் அத்தா உள்ளேயிருந்து.

ஆறு ஆகியிருந்தது. ஆறோடு நிறுத்தக் கூடாது.

செம்பு சாய்ந்தது.