பாம்பின் மேல் விழுந்த பழி

காலை 8.10. ஆய்வுக்கூடத்தைத் திறந்த தவளையம்மா தொட்டிகளிடம் ஓடினார். தவளைத் தொட்டியில் தவளை இல்லை. பக்கத்துத் தொட்டிப் பாம்பு அதில் சுருண்டு கிடந்தது. இரண்டு மூடிகளும் விலகியிருந்தன.

தவளையம்மா என்பது மாணவர்கள் வைத்த பெயர். பல்கலைக்கழகத்தில் சூழலியல் பேராசிரியர். மழை பொய்த்து மற்ற குட்டைகளெல்லாம் வற்றிய பிறகும் வளாகத்தின் பின்புறச் சதுப்பில் மட்டும் ஈரம் இருந்தது. பூண்டோடு அழிந்துவிட்டதென்று எல்லோரும் கைகழுவிய தவளை இனத்தில் ஒன்றை நேற்று அங்கேதான் பிடித்திருந்தார். சதுப்பில் கட்டடம் கட்டலாமா என்று முடிவெடுக்கும் குழு இன்று மதியம் கூடுகிறது. தவளையைக் காட்டினால் சதுப்பு பிழைக்கும். இல்லையென்றால் மண் கொட்டி மூடிக் கட்டடம் எழுப்பிவிடுவார்கள்.

அவரைத் தவிர இருவரிடம்தான் சாவி உண்டு: துறைத் தலைவர், பாம்பு ஆராய்ச்சி செய்யும் சக பேராசிரியர். இருவரையும் வரவழைத்தார்.

தலைவர் இடது கையில் காபிக் கோப்பையும் வலது கை கால்சட்டைப் பைக்குள்ளுமாக வந்தார். மூடியைச் சரியாகப் போடாததால் பாம்பு வெளியே வந்து தவளையை விழுங்கிவிட்டது, பாவம் என்று உச்சுக்கொட்டினார். பாம்புக்காரருக்குப் பேயறைந்த முகம். மூடிவிட்டுத்தான் போனேன் என்று தலையிலடித்துச் சத்தியம் செய்தார். விஷமில்லாத அந்தப் பாம்பு பரம சாது. வருகிறவர்கள் கையில் கொடுத்துப் புகைப்படம் எடுத்துக்கொள்ள விடுவார். தலைவரின் அறையிலும் அப்படியொரு படம் மாட்டியிருக்கிறது.

தவளையம்மா குனிந்து பார்த்தார். பாம்பின் தோல் மங்கியிருந்தது, கண்கள் பால் பூத்திருந்தன. கடைசியாக எப்போது இரை எடுத்தது என்று கேட்டார். ஒரு வாரமாக எதைப் போட்டாலும் தொடவில்லை என்றார் பாம்புக்காரர்.

"சார், வலது கையை வெளிய எடுங்க."

"எதுக்கு?"

"எடுங்க."

கட்டைவிரலுக்குக் கீழே பொடிப்பொடியாக, பிறைபோல வளைந்த பல் தடம். முள் கிழித்தது என்றார் தலைவர்.

"முள்ளு இப்படி வரிசையா கிழிக்காது சார். இந்தப் பாம்பு சட்டை உரிக்கப் போகுது. கண்ணுல படலம் விழுந்து அரைக்குருடா கிடக்குது. இந்த நேரத்துல எதையும் தின்னாது, தொட்டா மட்டும் கடிக்கும். அது இவருக்குத் தெரியும். இவர் எடுத்திருந்தா பாம்பு மேல பழி போட்டிருக்கவே மாட்டார். படம் பிடிக்க மட்டும் பாம்பைத் தூக்கின ஆள்தான் இதைச் செஞ்சிருக்கணும்."

தவளையம்மா விறுவிறுவென்று தலைவரின் அறைக்கு நடக்க, அவர் முந்திக்கொண்டு ஓடி மேசை இழுப்பறையை மறைத்து நின்றார். அதுவே போதுமானதாக இருந்தது. உள்ளே மதியச் சாப்பாட்டு டப்பா. அதில் ஈரத்துணிமேல், தொண்டை துடிக்க, தவளை. கொல்ல அவருக்கு மனசு வரவில்லை.

"மேலிடத்துல கழுத்தை நெரிக்கிறாங்க மேடம். இதைக் குழு முன்னாடி கொண்டுபோனா உங்க வேலை போயிடும்."

"போகட்டும்."

மதியம் குழுக் கூட்டத்தை நடத்தியவர் சதுப்பு நிலம் பற்றிய அறிக்கையை வாசித்துக்கொண்டிருந்தார். அந்த நிலத்தில் குடியிருப்போர் எவருமில்லை என்று அவர் நிறுத்திய இடத்தில், அழைக்காமலே உள்ளே வந்த தவளையம்மா, மேசைமேல் டப்பாவை வைத்து மூடியைத் திறந்தார்.

"குடியிருக்கிறவர் வந்திருக்கார். இனிமே இவரை வெச்சுக்கிட்டே பேசுங்க."