சீர்க் கூஜா

காபி ஆறிவிட்டது, குருபிரசாத் இன்னும் ஆறவில்லை.

"கம்ப்ளெயின்ட்டை வாபஸ் வாங்கச் சொல்லு உன் பிள்ளையை! இன்னிக்கே!"

மனைவி விஜயலக்ஷ்மி தோசைத் தட்டை மேஜையில் வைத்தாள். அந்த அபிராமபுரம் வீட்டில் பரிசு வாங்கினால் 'என் பிள்ளை', வம்பு வந்தால் 'உன் பிள்ளை'.

குருபிரசாத், தான் படித்த கல்லூரி விடுதியின் 'வேங்கைக் குழாம்' என்ற சங்கத்துக்கு ஆயுள் தலைவர். கொள்கை, சகோதரத்துவம். நடைமுறை, புதுப் பையனை முட்டி போட வைத்து ஒரே மூச்சில் ரம் குடிக்க வைப்பது. அதற்குப் பெயர் தீட்சை! ஒரு காலத்தில் விடுதியே வேங்கையாகத் திரிந்தது. இந்தக் காலத்துப் பையன்கள் "எதுக்கு?" என்று கேட்கக் கற்றுக்கொண்டுவிட்டதால், இந்த வருடம் சிக்கியது ஒரே ஆள்: தலைவரின் சொந்த மகன் ஷ்ரவண். குடித்தான், மயங்கினான், ஆஸ்பத்திரியில் கண் விழித்தான். கையோடு கல்லூரியில் புகாரும் கொடுத்துவிட்டு, நேற்றுதான் வீடு வந்திருந்தான்.

"பொத்திப் பொத்தி வளர்த்தா இப்படித்தான்," என்றாள் நாத்தனார் ஜானகி, தோசையைப் பிய்த்தபடி. "என் தம்பியும்தான் குடிச்சான். செத்தா போயிட்டான்?"

"இல்லக்கா..." என்றாள் விஜயலக்ஷ்மி. அந்த 'இல்லை'யில் லேசான வருத்தம் தொனித்ததோ என்னவோ.

அறை வாசலில் ஷ்ரவண் வந்து நின்றான். "எதுல குடுத்தா தெரியுமாம்மா? உன்னோட வெள்ளிக் கூஜால."

அவளுக்குத் திக்கென்றது. அவள் அம்மா சீராகக் கொடுத்த கூஜா! விடுதிப் பிள்ளையாருக்குப் பாலாபிஷேகம் என்று குருபிரசாத் வருடா வருடம் கேட்டு வாங்கிப் போவார். அவளும் குளித்துவிட்டு, விபூதி போட்டுப் பளபளவென்று தேய்த்துக் கொடுப்பாள். திரும்பும்போது அவரே கழுவிக் கொண்டுவருவார். இந்த வருடம் மட்டும் ஆள் மூலம் அனுப்பி, திரும்ப வாங்கி வைத்திருந்தார். பக்தி என்று நினைத்திருந்தாள்!

"பாலுன்னேளே...?"

"அது... ஒரு மரபுடி..."

உள்ளே போனாள். மகனுக்காகக் காய்ச்சிய நிலவேம்புக் கஷாயத்தைக் கூஜா நிறைய ஊற்றிக்கொண்டு வந்தாள்.

"முட்டி போடுங்கோ."

"பைத்தியமா உனக்கு?"

"மரபுன்னேளே! ஒரே மூச்சு. நடுவுல நிறுத்தினா மறுபடியும் முதல்லேர்ந்து. அப்படித்தானேடா?"

ஷ்ரவண் தலையசைத்தான்.

தலைவர் எழுந்து போயிருக்கலாம். ஆனால் 'வேங்கை பின்வாங்காது' என்ற கோஷத்தை எழுதியவரே அவர்தான். போட்டார் முட்டி. இரண்டு மடக்கில் குமட்டியது. கண்ணில் நீர் முட்டியது. போதும் என்று கையைத் தூக்கினார்.

"நானும் கையைத் தூக்கினேம்ப்பா..." என்றான் ஷ்ரவண் மெதுவாக. "யாரும் நிறுத்தலை. நீ வீடியோ கால்ல சிரிச்சிண்டிருந்தே."

ஜானகியின் வாயில் தோசை நின்றுவிட்டது.

குருபிரசாத் கூஜாவைக் கீழே வைத்தார். முட்டி போட்டபடியே மகனின் இடுப்பைக் கட்டிக்கொண்டார். "வாபஸ் வாங்காதேடா... விசாரணைக்கு நானும் வரேன். சிரிச்சதையும் சொல்றேன்..." அதற்குமேல் வெறும் அழுகைதான். ஷ்ரவணின் கை கொஞ்ச நேரம் தயங்கியது. பிறகு அப்பாவின் தலைமேல் இறங்கியது.

விஜயலக்ஷ்மி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வழக்கம்போல் கூஜாவைத் தேய்க்க எடுத்துப் போனவள், பாதி வழியில் திரும்பி வந்து கணவர் கையில் அதைத் திணித்தாள்.

"விபூதி அலமாரில இருக்கு. நாத்தம் போறவரைக்கும் தேயுங்கோ."