ஒன்பதரை விரல்

அவன் வைத்தது வலது கை ஆள்காட்டி விரல் ஒன்றைத்தான். அதையும் கையேட்டில் சொன்னபடி சட்டையில் துடைத்து, ஈரமில்லை என்று உறுதி செய்துகொண்டு, புது லேப்டாப் கீபோர்டின் ஓரத்திலிருந்த சின்ன ரேகைச் சதுரத்தின் மேல் மரியாதையாக வைத்தான். எடுத்து மீண்டும் வைக்கச் சொன்னது, வைத்தான். திரை ஒரு பச்சை டிக் போட்டுவிட்டு எழுதியது: ஒன்பது விரல்கள் பதிவாகியுள்ளன. பத்தாவது விரலின் ரேகை முழுமையாக இல்லை. மீண்டும் முயலவும்.

விரலைத் திருப்பிப் பார்த்தான். ஒன்றுதான் இருந்தது.

முதல் நாளே ஓவர்டைம் பார்க்கிறது என்று நினைத்துக்கொண்டான். சிரிப்பு வரவில்லை. கல்லூரியில் எதைப் பார்த்தாலும் கேலி பேசுகிற வாய் அவனுடையது. முதல்வரின் ஆண்டுவிழாப் பேச்சை முதல்வருக்கே பேசிக்காட்டிக் கைதட்டு வாங்கியவன். பதினேழு நாளாக அந்த வாய்க்கு வேலையில்லை.

லேப்டாப் காலையில்தான் வந்தது. பெட்டியின் மேல் அக்காவின் பெயர்.

"அவங்க இல்லையா சார்?" என்றார் கொரியர்காரர்.

"இல்லைங்க."

"எப்ப வருவாங்க?"

அவன் அவருடைய செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். "நான் தம்பி. நானே வாங்கிக்கிறேன்."

"அப்ப அவங்க பேர்லயே ஒரு கையெழுத்து போட்டுடுங்க, ஒண்ணும் பிரச்சினை இல்ல."

போட்டான். அவள் கையெழுத்து அவனுக்கு அத்துப்படி. பள்ளிக்கூட மார்க் ஷீட்டில் அம்மாவுக்குப் பதிலாக அவள்தான் தன் பேரில் போட்டுக்கொடுப்பாள்.

மூன்று மாதமாக அவளை அரித்தெடுத்தது அவன்தான். திரையைத் தொட்டால் வேலை செய்ய வேண்டும், பின்பக்கமாக முழுசாக மடிய வேண்டும், மடித்தால் சிலேட்டுப் பலகை மாதிரி கையில் பிடிக்க வரவேண்டும். "உனக்கு இது படிப்புக்கா, ஜிம்னாஸ்டிக்ஸுக்கா?" என்று கேட்டாள். டாக்டர்கள் மென்று துப்புகிற பேச்சைக் காதில் வாங்கி எழுத்தாக அடித்துக்கொடுக்கும் ஆபீஸில் அவளுக்கு வேலை. மூன்றாவது மாடி. போனஸ் வந்ததும் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தாள்.

பதினேழு நாளைக்கு முன்பு, மதியம் மூன்றேகாலுக்கு அவள் மூன்று முறை கூப்பிட்டாள். அவன் கேண்டீனில் நாலு பேரைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தான். முதல் இரண்டையும் துண்டித்தான். மூன்றாவதையும் துண்டித்துவிட்டு, லேப்டாப்புக்குத்தான் நச்சரிக்கிறாள் என்று ஒரு மெசேஜ் தட்டினான்: 'எந்தக் கலரா இருந்தாலும் ஓகே.'

அந்த நேரம் ஆபீஸ் தீப்பிடித்து, மூன்றாவது மாடியில் புகை இடுப்புக்கு இறங்கியிருந்ததாம். மாடிப்படிக் கதவு வெளிப்பக்கம் தாழிட்டிருந்ததாம். லேப்டாப்பை அவள் காலையிலேயே ஆர்டர் போட்டு முடித்திருந்தாள். சாம்பல் நிறம்.

கலருக்காகக் கூப்பிடவில்லை என்றால், மூன்றாவது தடவை என்ன சொல்ல வந்தாள்? பதினேழு நாளாக அவன் தனக்குள் கேட்டுக்கொண்டிருந்தது இந்த ஒரு கேள்வியைத்தான்.

அடுத்த அறையில் அம்மா மாத்திரை போட்டுக்கொண்டு படுத்திருந்தாள். வெளியே மழை மேகம் கவிந்து, மூன்று மணிக்கே ஜன்னலில் வெளிச்சம் மங்கிப்போயிருந்தது. பெட்டியிலிருந்து வந்த புது பிளாஸ்டிக் வாசனைக்கு அடியில் வேறொரு வாசனையும் இருந்தது, அடுப்பில் பால் அடிபிடித்த மாதிரி. எழுந்துபோய்ப் பார்த்தான். அடுப்பு அணைந்தே இருந்தது, காலையிலிருந்து யாரும் பற்றவைக்காத சில்லிப்போடு. திரும்பி வந்து உட்கார்ந்தபோது அந்த வாசனை இன்னும் கொஞ்சம் கிட்டே வந்திருந்தது.

பத்தாவது விரலின் ரேகை முழுமையாக இல்லை. மீண்டும் முயலவும்.

அக்காவின் இடது கை மோதிர விரலில் மேல் கணு கிடையாது. அவனுக்கு நான்கு வயதாக இருக்கும்போது, அவன் விளையாட்டாகப் படீரென்று சாத்திய குளியலறைக் கதவில் போனது. அவள் அதைச் சொல்லிக்காட்டி ஒருநாளும் அழுததில்லை, கேலிதான். தனக்கு 'ஒன்பதரை' என்றும் அவனுக்கு 'வாட்ச்மேன்' என்றும் பெயர் வைத்தாள். "இந்த வீட்ல கதவு டிபார்ட்மென்ட் பூரா இவனோடது. மோதிரச் செலவு மிச்சம் பண்ணிக் குடுத்த மகராசன்" என்பாள் வந்தவர்களிடமெல்லாம். அந்த அரை விரலோடு டைப் அடித்தே ஆபீஸில் முதலாவதாக வந்தாள். அவளுடைய தட்டலில் மட்டும் ஒரு நொண்டல் இருக்கும். டக டக டக, ஒரு சின்ன இடைவெளி, டக். அடுத்த அறையில் இருந்தாலும் அவள்தான் என்று தெரிந்துவிடும்.

அவன் 'பிறகு செய்கிறேன்' என்பதைத் தொட்டான். திரை பவ்வியமாக அடுத்த பக்கத்துக்குப் போனது. 'வாழ்த்துகள்! இப்போது உங்கள் சாதனத்தை மடித்துப் பாருங்கள். முழுவதும் மடித்த நிலையில் கீபோர்டு தானாகவே செயலிழக்கும். அச்சம் வேண்டாம்.'

மடித்தான். கீல் எண்ணெய் போட்ட மாதிரி சத்தமே இல்லாமல் சுழன்றது. இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டான். மேலே வெளிச்சமான திரை. அடியில், அவன் விரல் நுனிகளில் பட்டபடி, செத்த எழுத்துகள்.

ஒன்று அசைந்தது.

ஸ்பிரிங்காக இருக்கும். புதுசு, இறுகிக் கிடக்கும். விரலை எடுத்து வேறிடத்தில் வைத்தான். அங்கேயும் ஒரு எழுத்து மெல்ல உள்ளே போய், வெளியே வந்து, அவன் விரல் நுனியை முட்டியது. பக்கத்தில் இன்னொன்று. டக டக டக.

இடைவெளி.

டக்.

ஜன்னலுக்கு வெளியே ஒரு ஸ்கூட்டர் போனது. அவன் விரலை எடுக்கவில்லை.

சின்ன வயதில் ஒரு விளையாட்டு உண்டு. அக்கா பின்னால் நின்று, அவன் விரல்களின் மேல் தன் விரல்களை வைத்து ஒரு வார்த்தையை அழுத்துவாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு அது என்னவென்று சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் உச்சந்தலையில் செல்லமாக ஒரு குட்டு. டைப்பிங்கை அவன் கற்றுக்கொண்டது அப்படித்தான்.

பலகையைக் கவிழ்த்து, திரை தொடையில் படும்படி மடியில் வைத்தான். விரல்களைப் பரப்பி வைத்துக்கொண்டு கண்ணை மூடினான்.

"சொல்லுக்கா."

எழுத்துகள் நகர்ந்தன. முதல் வார்த்தை. வாட்ச்மேன்.

கண்ணீர் வழிய அவனுக்குச் சிரிப்பு எட்டிப்பார்த்தது. குட்டு விழுவதற்குத் தலையைக்கூடக் கொஞ்சம் தாழ்த்தினான்.

அடுத்த வார்த்தை. கதவை.

அதற்கடுத்தது. திற.

வாட்ச்மேன் கதவைத் திற. வாட்ச்மேன் கதவைத் திற. வரவர வேகம். எழுத்துகள் சுட்டன. வாட்ச்மேன் கதவை வாட்ச்மேன் கதவை கதவை கதவை.

கையை உதறினான். திரையைப் பிடித்துச் சுழற்றிப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தான். திரை முழுக்க எழுத்து. வரி வரியாக. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீபோர்டில் எழுத்துகள் தாமாகவே அமுங்கின. அமுங்கிய குழிகளிலிருந்து மெல்லிய புகை.

பக்கத்து அறையில் கட்டில் கிரீச்சிட்டது.

"என்னடா டக்குடக்குனு சத்தம்?" அம்மாவின் குரலில் தூக்கம் மாறி வேறென்னவோ ஏறியது. "அவ வந்துட்டாளா?"

செருப்பில்லாத காலடி. வந்துகொண்டிருந்தது.

அம்மா இதைப் பார்க்கக் கூடாது. அவன் யோசிக்கவில்லை. நான்கு வயதிலும் யோசிக்கவில்லை. திரையைப் பிடித்து, படீரென்று சாத்தினான்.

பென்சில் முறிகிற மாதிரி ஒரு சத்தம். அவனுக்குத் தெரிந்த சத்தம்.

திரை முழுசாக மூடிக்கொள்ளவில்லை. அவன் பக்கம் ஒரு விரற்கடை இடைவெளி. அதில் நான்கு விரல் நுனிகள். நகக்கண்ணில் கரி. மூன்றாவது குட்டை.

அம்மா எதிரில் வந்து உட்கார்ந்தாள். தலை கலைந்திருந்தது. அவள் பக்கமிருந்து பார்த்தால் சாம்பல் நிற மூடியும் கீலும் மட்டும்தான்.

"அவ வாங்குனதா?"

தலையாட்டினான்.

"காட்டேன்."

"அப்புறம்மா."

"சரி, ஒழுங்கா மூடியாவது வை. தூசி உள்ள போயிடும். எத்தனை நாள் கண்ணு முழிச்சு அடிச்ச காசோ." உள்ளங்கையை மூடியின் மேல் வைத்தாள். தடவினாள். பிறகு குழந்தையை அணைக்கிற மாதிரி இரண்டு கையாலும் அதைக் கட்டிக்கொண்டு, கன்னத்தை அதன் மேல் சாய்த்தாள். முழுப் பாரமும்.

விரல் நுனிகள் வெளுத்தன. அங்கேயே இருந்தன.

"அம்மா, அழுத்தாத." குரல் வரவில்லை. மறுபடி சொல்லிப் பார்த்தான். காற்றுதான் வந்தது.

அவனுக்குத் தெரிந்தது ஒன்றுதான். தன் இடது கை விரல்களை அந்த இடைவெளிக்குள் நுழைத்து முட்டுக்கொடுத்தான். உள்ளே அடுப்பு மாதிரி கொதித்தது. வலித்தது. இழுக்கவில்லை.

இருட்டுக்குள் ஒரு கை அவன் கையின் மேல் ஏறிப் படிந்தது. அவன் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்து, பழைய இடத்தில், எழுத்துகளின் மேல் ஒழுங்காக வைத்தது. அரை விரல் அவன் மோதிர விரலைத் தேடிப்பிடித்தது. எழுத்து எழுத்தாக அழுத்த ஆரம்பித்தது.

அம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் சூடாவே இருக்குடா" என்றாள். சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.